உத்தரங்களில் வளைவுத் தகைவு

வளைவுத் தகைவு என்பது, சுமை தாங்கும் உத்தரம் ஒன்று வளையும்போது அதன் குறுக்கு வெட்டுமுகத்தில் தோன்றும் இழுதகைவும் அமுக்கத் தகைவும் ஆகும். தகைவு என்பது ஓரலகுப் பரப்பில் செயல்படும் அகவிசை. கட்டடப் பொறியியலில் இது பெரும்பாலும் நியூட்டன்/சதுர மில்லிமீட்டர் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. உத்தரம் தாங்குமா, முறியுமா என்பதைச் சுமை மட்டுமே முடிவு செய்வதில்லை. வெட்டுமுகத்தின் வடிவமும், எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதும், அந்தப் பொருள் இழுப்பைத் தாங்குமா என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

தகைவு பரவும் விதம்

இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் நடுவில் சுமை வைத்தால் அது கீழ்நோக்கித் தொய்கிறது. அப்போது மேற்பரப்பு சுருங்குகிறது, அடிப்பரப்பு நீள்கிறது. நீளமான அழிப்பான் ஒன்றின் பக்கவாட்டில் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் வரைந்து வளைத்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்: உட்புறத்தில் கோடுகள் நெருங்கும், வெளிப்புறத்தில் விலகும். இரண்டுக்கும் இடையே நீளவும் செய்யாத, சுருங்கவும் செய்யாத ஓர் அடுக்கு உண்டு. வெட்டுமுகத்தில் அது ஒரு கோடாக அமைகிறது; அதுவே நடுநிலை அச்சு. அங்கு வளைவுத் தகைவு சுழி. அங்கிருந்து விலக விலகத் தகைவு சீராக உயர்ந்து, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் உச்சத்தை அடைகிறது.

ஓர் இடத்தில் உள்ள தகைவைக் காண, அந்த வெட்டுமுகத்தின் வளைவுத் திருப்புத்திறனை நடுநிலை அச்சிலிருந்து அவ்விடத்தின் தொலைவால் பெருக்கி, பரப்பின் இரண்டாம் திருப்புத்திறனால் வகுக்க வேண்டும். பொருள் மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரை இந்த விதி பொருந்தும். செவ்வக வெட்டுமுகத்தின் விளிம்புத் தகைவுக்கு இது இன்னும் எளிதாகிறது: வளைவுத் திருப்புத்திறனை வெட்டுமுகக் குணகத்தால் வகுத்தால் போதும். அகலத்தை உயரத்தின் இருபடியால் பெருக்கி 6ஆல் வகுத்தால் கிடைப்பது அக்குணகம்.

உயரம் இருபடியாக வருவதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 75 மி.மீ. × 150 மி.மீ. அளவுள்ள மரக்கட்டை ஒன்று 3 மீட்டர் இடைவெளியில் கிடக்கிறது. அதன் நடுவில் 2,000 நியூட்டன் சுமை உள்ளது எனக் கொள்வோம். இது ஏறத்தாழ மூன்று ஆட்களின் எடை. சுமையை இடைவெளியால் பெருக்கி 4ஆல் வகுத்தால், நடுவில் வளைவுத் திருப்புத்திறன் 15,00,000 நியூட்டன் மி.மீ. ஆகிறது. கட்டையை நிமிர்த்தி வைத்தால் வெட்டுமுகக் குணகம் 2,81,250 கன மி.மீ.; விளிம்புத் தகைவு சுமார் 5.3 நியூட்டன்/சதுர மி.மீ. அதையே படுக்கவைத்தால் குணகம் பாதியாகி, தகைவு சுமார் 10.7 ஆகிறது. தொய்வோ நான்கு மடங்காகிறது. மரமும் அதே, சுமையும் அதே.

கலிலியோவின் கணக்கு

இந்த விகிதத்தை முதலில் எழுதிவைத்தவர் கலிலியோ. 1638இல் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' நூலில், சுவரில் ஒரு முனை பதிந்த உத்தரத்தை அவர் ஆராய்ந்தார். உத்தரம் தன் அடி விளிம்பைச் சுழல்மையமாகக் கொண்டு முறிகிறது என்றும், வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்றும் அவர் கருதினார். அமுக்கத்திற்கு அக்கணக்கில் இடமே இல்லை. ஆகவே அவருடைய விடை, இன்றைய மீட்சிக் கோட்பாடு தருவதைப் போல மூன்று மடங்கு வலிமையைக் காட்டியது. ஆனால் நிமிர்த்திய கட்டைக்கும் படுக்கவைத்த கட்டைக்கும் உள்ள விகிதம் சரியாகவே வந்தது. ஒப்பீட்டுக்கு உதவும், தனித்த அளவுக்கு நம்பினால் ஆபத்தாகும் கணக்கு அது.

இதைத் திருத்த ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் ஆயின. பிரான்சின் மாரியட் அமுக்கத்தையும் கணக்கில் சேர்த்தார். 1713இல் பாரன் சரியான தகைவுப் பரவலை எட்டினார். அதை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1773இல் கூலும் விசைச் சமநிலையைக் கொண்டு நடுநிலை அச்சை விளக்கினார். 1826இல் வெளியான நேவியேயின் விரிவுரை நூலே இக்கோட்பாட்டைப் பொறியாளர்களின் அன்றாடக் கருவியாக்கியது.

பொருளின் வலிமை

கணக்கிட்ட தகைவைப் பொருளின் வலிமையுடன் ஒப்பிடும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மென் எஃகு இழுப்பையும் அமுக்கத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாங்கும். வார்ப்பிரும்பு, கருங்கல், கான்கிரீட் ஆகியவை அப்படி அல்ல. இழுப்பில் இவை மிகவும் பலவீனமானவை.

வார்ப்பிரும்பு இழுப்பைவிட அமுக்கத்தைப் பல மடங்கு தாங்கும் என்பதை 1830 வாக்கில் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் மான்செஸ்டரில் நடத்திய சோதனைகள் காட்டின. எனவே இழுபடும் கீழ்த்தட்டின் பரப்பு மேல்தட்டைப் போல ஆறு மடங்கு இருக்கவேண்டும் என்றார் அவர். ஆயினும் 1847 மே 24 அன்று இங்கிலாந்தின் செஸ்டர் நகரில், டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் ஒன்று ரயில் செல்லும்போது முறிந்து ஐவர் உயிரிழந்தனர். துல்லியமான காரணம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ரயில்வே உத்தரங்களுக்கு வார்ப்பிரும்பை நம்பும் வழக்கம் அதன்பின் ஆட்டம் கண்டது.

தமிழகக் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கும் கல்லின் இந்தப் பலவீனமே முக்கியக் காரணம். தூணின் தலையில் இருபுறமும் நீண்டிருக்கும் போதிகை வெறும் அலங்காரம் அன்று. அது உத்தரத்தின் தாங்கப்படாத நீளத்தைக் குறைக்கிறது. உத்தரம் முழுவதும் பரவிய சுமைக்கு வளைவுத் திருப்புத்திறன் நீளத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால், இந்தச் சிறு குறைப்பே பெரிய பயன் தருகிறது.

கான்கிரீட்டும் கம்பியின் இடமும்

எம்20 தரக் கான்கிரீட்டின் அமுக்க வலிமை 20 நியூட்டன்/சதுர மி.மீ. வளையும்போது அதன் இழுவிளிம்பு சுமார் 3 நியூட்டன்/சதுர மி.மீ. தகைவிலேயே விரிசல் விடும். அதன்பின் இழுப்பைத் தாங்குவது கம்பிதான். அதனால் சாதாரண உத்தரத்தில் முதன்மைக் கம்பிகள் அடியில் இடப்படுகின்றன.

பால்கனி, சன்ஷேடு ஆகியவற்றில் இது தலைகீழாகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகம் முனையில் தொங்க முயல்வதால், இழுபடுவது மேற்பரப்பு. எனவே முதன்மைக் கம்பி மேலே இருக்கவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே அமிழ்ந்துவிட்டால், வெளியே எந்த வேறுபாடும் தெரியாது. 75 மி.மீ. தடிமனுள்ள சன்ஷேடில் அடிப்பரப்பிலிருந்து 55 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டிய கம்பி 30 மி.மீ. உயரத்திற்கு இறங்கினால், தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். முழுவதும் அடியில் போய்விட்டால் இழுப்பைத் தாங்கக் கான்கிரீட் மட்டுமே மிஞ்சும். கம்பியின் எடையும் சிமெண்ட் மூட்டைக் கணக்கும் சரியாக இருந்தும், சென்ட்ரிங் பிரிக்கும்போது சில சன்ஷேடுகள் விழுவது இதனால்தான். மேல்கம்பியை உரிய உயரத்தில் நிறுத்த, 'சேர்' எனப்படும் வளைத்த கம்பித் தாங்கிகள் அடியில் வைக்கப்படுகின்றன; அவை இடம் மாறாமல் உள்ளனவா என்பதைக் கான்கிரீட் கொட்டும் முன்பும் கொட்டும்போதும் பார்க்கவேண்டும்.