தகரத் தொட்டியில் தெளிந்த நீர்: பின்கட்டுக் குளியல் தொட்டியைப் பாதுகாப்பது எப்படி?

தோட்டத்து வாழ்க்கைக்கும் தகரத்துக்கும் உள்ள உறவு நெடுங்காலத்து உறவு. லயத்தின் கூரை தகரம், மழைநீரைப் பிடித்து வைத்த தொட்டி தகரம், குளியலறை வாளி தகரம். அந்தத் தகரத் தொட்டிக்கு இப்போது ஒரு புது மவுசு வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருந்த வட்டத் தொட்டிகளைச் சிலர் வீட்டுப் பின்புறத்தில் வைத்துக் குளிக்கத் தொடங்கினார்கள். இணையத்தின் வழியாக அந்தப் பழக்கம் உலகம் முழுவதும் பரவிவிட்டது. சிமெண்டுக் குளம் கட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும் என்பதால், நடுத்தரக் குடும்பங்களுக்கும் இதன்மேல் ஆசை வருவது இயல்பு.

ஆனால் வாங்குவது ஒரு நாள் வேலை, பராமரிப்பது வருடம் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. அதுவும் கேமரன் மலை போன்ற இடத்தில், சமவெளியில் சொல்லப்படும் ஆலோசனைகள் அப்படியே பொருந்தா. இங்குள்ள தண்ணீர் வேறு, மண் வேறு, குளிர் வேறு.

தகரம் துருப்பிடிக்காமல் இருப்பது ஏன்?

நாம் தகரம் என்று சொல்வது உண்மையில் துத்தநாகம் பூசிய இரும்பு. ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பார்கள். இந்த முறைக்கு 1837-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் காப்புரிமை பெற்றார்.

இந்தப் பூச்சு இரண்டு வகையில் வேலை செய்கிறது. முதலாவதாக, தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் மறைக்கிறது. இரண்டாவதாக, எங்காவது கீறல் விழுந்தால் இரும்பு அரிக்கப்படுவதற்கு முன்பாகத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. தம்பிக்கு விழ வேண்டிய அடியை அண்ணன் வாங்கிக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் எத்தனை அடிதான் தாங்குவார்? மெல்லிய தகட்டில் செய்த தொட்டிகளில் இந்தப் பூச்சின் கனம் பொதுவாக 20 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அது தீர்ந்த இடத்தில் துரு ஆரம்பித்துவிடும். ஆகவே தொட்டியின் ஆயுள் என்பது இந்த மெல்லிய பூச்சின் ஆயுள்தான்.

மலைத் தண்ணீரின் குணம்

தேயிலைச் செடி அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் செழித்து வளரும். 1929-ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றளவும் நிலைத்து நிற்பதற்கு, குளிரும் மழையும் போலவே இந்த மண்ணும் ஒரு காரணம். ஆனால் தேயிலைக்கு நல்லது தகரத்துக்கு நல்லதல்ல.

கேமரன் மலை, தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் பாறைகளின் மேல் அமைந்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். அது தொட்டியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து பூச்சுக்குக் காவலாக இருக்கும். கருங்கல் மலையின் ஊற்று நீரிலும் மழை நீரிலும் அந்தச் சுண்ணாம்பு மிகக் குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும் மென்மையான நீர் அது. சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தும் இருக்கும். துத்தநாகம் அமிலத்தில் வேகமாகக் கரையும் உலோகம்.

எனவே முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. நீச்சல் குளப் பொருள்கள் விற்கும் கடைகளில் நிறம் மாறும் சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. பி.எச். எனப்படும் அமில-கார அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் பூச்சு கரைகிறது என்று பொருள். காரத்தன்மை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருந்தால் பி.எச். அளவு ஏறி இறங்காமல் நிலையாக நிற்கும். அது குறைவாக இருந்தால் சமையலறையில் உள்ள சோடா உப்பே போதும். 1,300 லிட்டர் நீருக்கு 20 கிராம் சோடா உப்பு கலந்தால் காரத்தன்மை ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயரும். மிக மென்மையான நீருக்கு முதல் முறை 150 கிராம் வரை தேவைப்படலாம். ஒரே நாளில் கொட்டாமல், இரண்டு மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

எங்கே வைப்பது?

ஆறு அடி அகலமுள்ள வட்டத் தொட்டியில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 1,300 லிட்டர் பிடிக்கும். அதாவது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை, ஒரு சிறிய காரின் எடை. மலைச்சரிவில் வெட்டிய மேடையின் விளிம்பில் இதை வைப்பது ஆபத்து. மழைக்காலத்தில் மண் ஊறி இளகியிருக்கும்போது அந்தப் பாரமும், தொட்டியிலிருந்து வழியும் நீரும் சேர்ந்து மண்ணைச் சரித்துவிடும். கெட்டியான சமதரையில், சரிவின் விளிம்பை விட்டுத் தள்ளித்தான் வைக்க வேண்டும். வெளியேறும் நீருக்கு முறையான வடிகால் வேண்டும்.

தொட்டியை ஈர மண்ணின் மேல் நேராக வைக்கக் கூடாது. அமில மண் அடியிலிருந்து அரித்துக்கொண்டே வரும், ஓட்டை விழும் வரை வெளியே தெரியாது. மண்ணைச் சமப்படுத்தி, சிறு ஜல்லி பரப்பி, அதன் மேல் கனமான ரப்பர் விரிப்புப் போட்டுத் தொட்டியை வைத்தால் அடிப்பாகம் நெடுநாள் தாங்கும்.

குளோரின்: அளவே மருந்து

தண்ணீர் தெளிவாக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. கிருமிகள் கண்ணுக்குத் தெரியா. குளிக்கும் நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்க வேண்டும். மேலே சொன்ன 1,300 லிட்டர் தொட்டிக்கு, 5 விழுக்காடு வலுவுள்ள வாசனையில்லாத வெளுப்பான் திரவம் 50 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வந்துவிடும். ஒரு வாளி தண்ணீரில் கலந்து, மாலை வேளையில் தொட்டியைச் சுற்றி ஊற்ற வேண்டும். வெயில் குளோரினை விரைவில் அழித்துவிடும் என்பதால்தான் மாலை நேரம். மறுநாள் சோதித்துப் பார்த்த பிறகே பிள்ளைகளை இறக்க வேண்டும்.

அதிகம் போட்டால் அதிகச் சுத்தம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. மிகுதியான குளோரின் கண்ணையும் தோலையும் எரிக்கும், துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். நீச்சல் குளத்துக்கென விற்கப்படும் குளோரின் மாத்திரைகளில் பல, மிகுந்த அமிலத்தன்மை உள்ளவை. அவற்றைத் தொட்டிக்குள் நேராகப் போட்டால் அது படிந்த இடத்தில் பூச்சு கரைந்துபோகும். மிதவைக் கூட்டில் வைத்து மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளுப்பான் திரவத்தை வினிகர், கழிவறை கழுவும் அமிலம், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் ஆகியவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். ஒருவகைக் குளோரின் தூளை இன்னொரு வகையோடு கலப்பதும் தீ விபத்தை உண்டாக்கும்.

தகரத் தொட்டிக்கு ஆகாதவை

உப்பு நீர் முறை தகரத்துக்கு எதிரி. பாசியைக் கொல்ல விற்கப்படும் செம்பு கலந்த மருந்தும் அப்படியே. நீரில் கரைந்த செம்பு துத்தநாகத்தின் மேல் படிந்து புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். குளிருக்குப் பயந்து செம்புக் குழாய் வழியாக வெந்நீர் சுற்றவிடுவதற்கும் இதே விளைவுதான். பித்தளைக் குழாயைத் தகரத்தோடு நேராகப் பொருத்தாமல், ரப்பர் வளையம் வைத்து பிளாஸ்டிக் இணைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

கம்பி நார் கொண்டு தேய்ப்பதும் கூடாது. மென்மையான பிரஷே போதும். தொட்டியின் உட்புறத்தில் வெள்ளை மாவு போல் படிவது வெள்ளைத் துரு. லேசாக இருந்தால் துடைத்துவிடலாம். தொடர்ந்து வந்தால் பி.எச். அளவு சரியில்லை என்று அர்த்தம். செந்நிறத் துரு தெரிந்தால் பூச்சு அங்கே தீர்ந்துவிட்டது. உடனே தண்ணீரை இறைத்து, காயவைத்து, துருவைச் சுரண்டி, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் துத்தநாகச் சாயத்தைப் பூசினால் தொட்டியைக் காப்பாற்றலாம்.

கொசு முட்டையைத் தின்னட்டும் என்று மீன் விடும் பழக்கமும் இங்கே உதவாது. துத்தநாகம் கரைந்த மென்மையான நீர் மீனுக்கு நஞ்சு. அதுபோல இந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தக் கூடாது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பானங்களைத் தகர வாளியில் கலக்கி வைத்துக் குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

கொசுவும் எலியும்

குளிர்ப் பிரதேசம்தானே, கொசு எங்கே வரும் என்று அசட்டையாக இருக்க முடியாது. குளிரில் கொசுப்புழுவின் வளர்ச்சி தாமதப்படும், அவ்வளவுதான். ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபராதம் கட்ட நேரிடும்.

எலிச் சிறுநீரால் பரவும் நோய் இன்னும் கொடியது. உடலில் உள்ள சிறு காயத்தின் வழியே கிருமி உள்ளே புகுந்துவிடும். இதே பகாங் மாநிலத்தில், 2010-ஆம் ஆண்டு மாரான் வட்டாரத்து லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்கள் மத்தியில் இந்நோயும் மெலியோய்டோசிஸ் நோயும் பரவி, எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்கள் இறங்கியது காட்டாற்று நீர். ஆனால் அதே போன்ற ஓடை நீரைக் குழாயில் கொண்டுவந்து, குளோரின் இல்லாமல் தொட்டியில் நிரப்பினால் அதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. இரவில் தொட்டியை இறுக்கமாக மூடி வைப்பதும், அருகே சோற்றுப் பருக்கையும் குப்பையும் சேரவிடாமல் பார்ப்பதும் எலியைத் தள்ளி வைக்கும்.

ஓடைக்கு மேற்புறத்தில் காய்கறித் தோட்டங்கள் இருந்தால் அந்த நீரைத் தொட்டியில் நிரப்பாமல் இருப்பதே நலம். பூச்சிமருந்தைக் குளோரின் நீக்காது. களைக்கொல்லி பாரகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய மருந்துப் பீப்பாய்களைக் கழுவித் தண்ணீர் பிடிக்கலாம் என்று எவரும் துணியக் கூடாது. மருந்தடித்த உடுப்பைத் தொட்டி நீரில் அலசுவதும் அப்படியே.

வாரம் ஒரு மணி நேரம்

நாள்தோறும் விழும் இலைகளை வலையால் அள்ளிவிட வேண்டும். ஊறிய இலை தேயிலைச் சாயம் போல நீரைப் பழுப்பாக்கும், குளோரினையும் தின்றுவிடும். வாரம் இருமுறை சோதனைத் தாள். வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்து, வடிகட்டியைக் கழுவ வேண்டும். பெருமழை பெய்தால் மறுநாளே சோதிக்க வேண்டும். பம்ப் இல்லாதவர்கள் வாரந்தோறும் தண்ணீரை மாற்றிவிடுவதே நல்லது. கொட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் குளோரின் போடாமல் மூடியைத் திறந்து வெயில் படவிட்டு, சோதனைத் தாளில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகே வடிகாலில் விட வேண்டும். ஓடையிலும் காய்கறிப் பாத்தியிலும் விடக் கூடாது.

பம்ப் வைத்தால் அதன் மின்சாரம் இ.எல்.சி.பி. பாதுகாப்புக் கருவி வழியாக வர வேண்டும். ஈரமும் இரும்பும் மின்சாரமும் சேரும் இடம் இது. ஒட்டுப்போட்ட வயர், தரையில் கிடக்கும் பிளக் ஆகியவை உயிரைப் பறித்துவிடும். அக்கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு. கேமரன் மலையில் இரவு வெப்பம் 15 பாகை அளவுக்கு இறங்கும். தொட்டி நீர் பகலிலும் சில்லென்றுதான் இருக்கும். உதடு நடுங்கத் தொடங்கினால் பிள்ளையை வெளியே எடுத்துத் துவட்டிவிட வேண்டும். சிறு குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். அது சத்தம் போட்டுக் கூப்பிடாது. பெரியவர் ஒருவர் கைபேசியை வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளித்து முடித்ததும் ஏணியை எடுத்துவிட்டு, மூடியைப் பூட்ட வேண்டும். தொட்டியில் துரு பிடித்தால் சாயம் பூசிக்கொள்ளலாம், ஓட்டை விழுந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் உயிருக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. பூட்டிய மூடிதான் அந்தத் தொட்டிக்குச் செய்யும் முதல் பராமரிப்பு.