கைபேசியும் அனுமதி கேட்கட்டும்



மக்கட்செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதமாகும். அந்த அமானிதத்தைப் பேணிக் காக்கும் பொறுப்பு தாய்க்கும் உண்டு, தந்தைக்கும் உண்டு.

முன்பின் அறியாத ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வோம்? யார், எந்த ஊர், என்ன காரியம் என்று விசாரிப்போம். பதினொரு வயது மகனோ மகளோ தனித்திருக்கும் அறைக்குள் அவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வருவோமா? நினைக்கவே நெஞ்சம் பதறுகிறதல்லவா? ஆனால், இணைய வசதியுள்ள கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "சத்தம் போடாமல் இருந்தால் போதும்" என்று விட்டுவிடும் இல்லங்களில் இதுவே நடக்கிறது. வருகிறவர் வாசல் வழியாக வரவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

காவலும் துருவலும்

இங்கே மார்க்கப் பற்றுள்ள பெற்றோர் பலர் ஒரு வினாவை எழுப்புகின்றனர். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயக் கூடாது என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறானே. பிள்ளையின் கைபேசியைப் பார்ப்பது அந்தத் தடைக்குள் வராதா என்பதே அவ்வினா.

நல்ல வினாதான். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே. உங்கள் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. ஓநாய் வருகிறதா என்று பார்ப்பது மேய்ப்பவரின் கடமை. ஆகவே, பருவமடையாத பிள்ளையைத் தீங்கிலிருந்து காக்கும் எண்ணத்துடன், அப்பிள்ளை அறியச் செய்யும் மேற்பார்வை காவலாகும். குற்றம் பிடிக்க வேண்டும் என்று நள்ளிரவில் திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பதும், கண்ட செய்தியை மாமியிடமும் சித்தியிடமும் சொல்லிப் பிள்ளையை நாணச் செய்வதும் துருவலாகும். செயல் ஒன்றுபோல் தோன்றினும் எண்ணமும் முறையும் வேறு. பிள்ளையின் மானமும் ஒரு முஸ்லிமின் மானமே என்பதை மறந்துவிடலாகாது.

திருமறை காட்டும் படிகள்

எந்த வயதில் எவ்வளவு காவல் வேண்டும்? ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறும், பத்து வயதில் படுக்கைகளைப் பிரித்து வைக்குமாறும் நபிமொழி நமக்குக் கட்டளையிடுகிறது. ஸூரத்துந் நூரில் இதற்கடுத்த படிகளைக் காண்கிறோம். பருவமடையாத சிறுவர்கள் சுபுஹுத் தொழுகைக்கு முன்பும், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் ஆக மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டும். பருவமடைந்த பின்னரோ எல்லா வேளைகளிலும் அனுமதி பெறவேண்டும்.

இந்த ஒழுங்கைச் சற்றுச் சிந்தியுங்கள். தனிமை என்பது ஒரே நாளில் முழுவதும் கொடுக்கப்படுவதுமில்லை, முழுவதும் மறுக்கப்படுவதுமில்லை. வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் படிப்படியாக வழங்கப்படுகிறது. கைபேசிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பத்து வயதில் கூடத்தில் அமர்ந்து பெரியவர்களின் கைபேசியைப் பார்க்கலாம். பன்னிரண்டில் சில செயலிகளைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். பிறகு நம்பிக்கை வளர வளரக் காவல் தளரலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்ற பிள்ளையே அனுமதி கேட்டு வரவேண்டிய அந்த மூன்று வேளைகளில், உலகிலுள்ள அந்நியர் அனைவரும் அனுமதி இன்றியே நம் பிள்ளையின் படுக்கைக்கு வருவதற்குக் கைபேசி வழி திறந்துவிடுகிறது. ஆகவே, இஷாவுக்குப் பின் சுபுஹு வரையும், பகல் ஓய்வு வேளையிலும் கைபேசி பிள்ளையின் அறைக்குள் செல்லக் கூடாது என்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். இதை ஒரு ஃபத்வாவாகக் கொள்ள வேண்டாம். திருமறையின் ஒழுங்கிலிருந்து நாம் பெறும் ஒரு படிப்பினையாகக் கொள்ளுங்கள்.

தீங்கு வரும் பாதை

தீங்கு பெரும்பாலும் தீய முகத்துடன் வருவதில்லை. பிள்ளை கைபேசியில் விளையாடும் விளையாட்டில் எதிர்ப்பக்கம் இருப்பவன் முதலில் பாராட்டுகிறான். தானும் அதே வயதுச் சிறுவன் என்கிறான். விளையாட்டுக்குரிய நாணயங்களைப் பரிசாக அனுப்புகிறான். வேறொரு செயலிக்கு வந்து தனியாகப் பேசலாம் என்று அழைக்கிறான். ஒரு படம் கேட்கிறான். "அம்மாவிடம் சொல்லாதே" என்கிறான். படம் கைக்கு வந்ததும் குரல் மாறுகிறது. இன்னொரு படமோ பணமோ தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான்.

அந்த வேளையில் பிள்ளை யாரிடம் ஓடிவரும்? நம்மிடம்தான் வரவேண்டும். ஆனால் அடி விழும், கைபேசி பறிபோகும், குடும்ப மானம் போயிற்று என்று வீடே அழும் என்ற அச்சம் அதன் வாயைக் கட்டிவிடுகிறது. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்த அச்சத்தையே.

இரகசியம் எது? ஆபத்து எது?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தம் அலுவல் ஒன்றுக்காக அவரை அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டார். அது இரகசியம் என்றார் அனஸ். அவ்வாறாயின் அல்லாஹ்வின் தூதருடைய இரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்று அந்த அன்னை அறிவுறுத்தினார். முஸ்லிம் நூலில் வரும் நிகழ்ச்சி இது.

பிள்ளையின் நம்பகத்தன்மையை அந்தத் தாய் எப்படி மதித்தார், பார்த்தீர்களா? ஆனால் மகனை அனுப்பியவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது! இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். தோழன் நம்பிச் சொன்னதைக் காப்பது அமானிதம். பெற்றோரிடம் மறைக்கும்படி முகம் தெரியாத ஒருவர் சொல்வது ஆபத்தின் அடையாளம். அதை உடனே வந்து சொல்வதே கடமை.

"உண்மையைச் சொல், திட்டமாட்டேன்" என்று கூறிவிட்டுப் பின்னர் திட்டித் தீர்ப்பதும் தகாது. வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று மகனை அழைத்த ஒரு தாயிடம், என்ன தர நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடாதிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் காணப்படும் இந்நபிமொழி இன்றைய பெற்றோருக்கும் பாடமன்றோ!

செய்ய வேண்டியவை

கைபேசியைக் கொடுக்கும் முன்பே நிபந்தனைகளைச் சொல்லிவிடுங்கள். கடவுச்சொல் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். பார்க்கும்போது பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே பார்ப்போம் என்று கூறுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகிய தளங்கள் 13 வயது நிரம்பாதவர் கணக்குத் தொடங்கக் கூடாது என்று தாமே விதி வைத்துள்ளன. வயதைக் கூட்டி எழுதிக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் பெற்றோர், பொய்யின் முதல் பாடத்தைத் தாமே நடத்துகின்றனர். கூகுள் நிறுவனத்தின் பேமிலி லிங்க் போன்ற வசதிகளால் நேர வரம்பு வைக்கலாம். புதிய செயலிகள் பெற்றோர் இசைவின்றி இறங்காமல் தடுக்கலாம்.

தீங்கு நேர்ந்துவிட்டால் முதற்சொல் "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உரையாடலை அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆதாரம் காட்டுகிறேன் என்று படத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பிவிடாதீர்கள். சிறாரின் ஆபாசப் படங்களைப் பரப்புவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு குற்றமாக்கியுள்ளது. இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் இத்தகைய மிரட்டலைத் தண்டிப்பதோடு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதையும் தடுக்கிறது. மானத்துக்கு அஞ்சி மௌனம் காப்பது குற்றவாளிக்குச் செய்யும் உதவியாகும்.

இவையெல்லாம் வெளிக்காவல். நாம் உடனில்லாத இடத்திலும் பிள்ளையைக் காப்பது உள்ளத்தில் ஊன்றிய இறையச்சமே. கடுகளவு செயலாயினும், பாறைக்குள் மறைந்திருப்பினும் அல்லாஹ் அதை வெளிக்கொணர்வான் என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு அன்போடு உணர்த்தியதைத் திருமறை எடுத்துரைக்கிறது. அந்த அறிவுரையைச் சொல்ல வேண்டுமானால் மகனோடு அமர வேண்டும். சோற்றுத் தட்டின் முன்னும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தையின் உபதேசம் எந்தச் செவியில் ஏறும்? மக்ரிபுக்குப் பின் அரைமணி நேரமாவது வீட்டிலுள்ள கைபேசிகள் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் அன்றைய கதையைக் கேளுங்கள். இன்று சிறு செய்தியைச் சொல்லிப் பழகிய பிள்ளை, நாளை பெரிய துன்பத்தையும் தயங்காமல் சொல்லும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களின் பார்வையையும் உள்ளத்தையும் மானத்தையும் காத்தருள்வானாக! அவர்கள் அஞ்சாமல் வந்து அடைக்கலம் புகும் இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்குவானாக! ஆமீன்.