பீரோவில் தூங்கும் டிஜிட்டல் கேமரா... எழுப்பும் முன் இதைக் கவனிங்க!

காதுகுத்து, கிரகப்பிரவேசம், பிள்ளையின் முதல் பிறந்தநாள்... ஸ்மார்ட்போன் வருவதற்கு முன் பல வீடுகளில் விசேஷம் என்றால் சின்ன டிஜிட்டல் கேமராதான். அப்புறம் அது பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் முடங்கியது. இப்போது கல்லூரி போகும் பிள்ளைகள், 'அந்தப் பழைய லுக் வேணும்' என்று அதைத் தேடி எடுக்கிறார்கள். ஆன் செய்தால் 'கார்டு எரர்... ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது திரை.

அவசரப்பட்டு 'ஓகே' அழுத்திவிடாதீர்கள். இன்று உயிரோடு இல்லாத தாத்தாவின் கடைசி போட்டோ அந்த கார்டில்தான் இருக்கலாம்.

கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுங்கள். பின்புறமுள்ள பொன்னிறத் தகடுகளை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து மறுபடி செருகுங்கள். தொடர்பு சரியில்லாமல் வந்த எரர் என்றால் இதிலேயே போய்விடும். போகவில்லையா? கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் பாருங்கள். அங்கேயும் ஃபார்மேட் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். படங்கள் தெரிந்தால், வேறு எதையும் செய்யும் முன் காப்பி எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டதா? நம்பிக்கை இழக்க வேண்டாம். பெரும்பாலும் அழிவது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் மட்டும்தான். உள்ளே இருக்கும் பக்கங்கள், அவற்றின் மேல் புதிதாக எதுவும் பதிவாகும்வரை அப்படியே இருக்கும். எனவே அந்த கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் இப்படித் தொலைந்த படங்களைத் தேடித் தரும். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். கம்ப்யூட்டருக்கு கார்டு இருப்பதே தெரியவில்லை என்றால் மட்டும் டேட்டா ரெக்கவரி கடைக்குப் போகலாம்.

'கார்டு லாக்டு' என்று வந்தால் பயமே வேண்டாம். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை மேலே தள்ளினால் போதும். இது தெரியாமல் புது கார்டு வாங்கியவர்கள் உண்டு! புது கார்டு வாங்குவதிலும் ஒரு சிக்கல். 'எஸ்டிஹெச்சி' வகைக்கு உச்சவரம்பு 32 ஜிபி. அந்தக் காலத்து கேமராக்கள் பல 64 ஜிபி கார்டை ஏற்காது. அதற்கும் முந்தைய மாடல் என்றால் 2 ஜிபிதான்.

அடுத்தது லென்ஸ். டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதற்குக் கொண்டாட்டம். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும் என்பதால் தள்ளிப்போடாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள், வீட்டில் கழற்ற வேண்டாம். கேமராவோடு ஆசையாக வாங்கிய லெதர் உறைதான் இதில் முதல் எதிரி. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத்தூள் உள்ளே போய்விடும்.

பீச்சுக்கு எடுத்துப்போன கேமராவில் லென்ஸ் பாதியில் நிற்கும். காரணம் பெரும்பாலும் மணல்தான். கையால் இழுக்காமல், முழுக்க சார்ஜான பேட்டரி போட்டு, லென்ஸைச் சுற்றி ரப்பர் புளோயரால் காற்றடித்துப் பாருங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. நல்ல பேட்டரியைப் பாதி சார்ஜோடு, வெளியே எடுத்து வைக்கலாம்.

எல்லாம் சரியானதும் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்ததால் அது பல வருடம் பின்னால் போயிருக்கும். பல மாடல்களில், சார்ஜான பேட்டரியை ஒரு நாள் உள்ளேயே விட்டால் அதுவும் சார்ஜ் ஏறிவிடும். தேதியை மாற்றிவிட்டு முதல் படத்தை எடுங்கள். இல்லாவிட்டால் இந்தத் தீபாவளிப் படங்கள், கம்ப்யூட்டரில் 2008-ம் வருடப் படங்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும்.