இரவுக்கு வேண்டும் இருள்

கொச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆதலால், வடநாடுகளில் குளிர்காலத்து இருள் கொணரும் மனச்சோர்வு மட்டாஞ்சேரிவாசிகளின் கவலையன்று. இங்குள்ள சிக்கல் வேறு. மிளகும் சுக்கும் கைமாறும் பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகளுக்குள் பகலெல்லாம் அரையிருள். வீடு திரும்பினாலோ நள்ளிரவு வரை விளக்கும் கைப்பேசியும். பகலில் பெறவேண்டிய ஒளியை நாம் இரவில் பெறுகிறோம்.

பொழுது சாய்ந்தபின் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் எனும் ஹார்மோனைச் சுரந்து, இரவு வந்துவிட்டதென உடலுக்கு அறிவிக்கிறது. கண்ணில் படும் ஒளி, குறிப்பாக நீல ஒளி, அச்சுரப்பைத் தடுக்கிறது. 2,500 லக்ஸ் அளவுள்ள ஒளி மனிதரின் மெலடோனினை அடக்கும் என்பதை 1980-இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் அமெரிக்காவில் மெய்ப்பித்தனர். மறு ஆண்டே, மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உடைய சிலரிடம், வெளிச்சமான அலுவலக அறைக்கு ஒப்பான 500 லக்ஸ் ஒளியே மற்றவர்களைவிட மிகுதியாக மெலடோனினைக் குறைத்ததைக் கண்டனர். பிந்தைய ஆய்வுகள் அனைத்தும் இதற்கு உடன்படவில்லை. எனினும், மாலை ஒளியை உணரும் திறன் ஆளுக்கு ஆள் 50 மடங்குக்கும் மேல் வேறுபடுவதை 2019-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஒருவருக்குத் தீங்கற்ற விளக்கு, அருகிலிருப்பவரின் உறக்கத்தைக் குலைக்கலாம்.

இருளே மருந்தாகவும் உதவக்கூடும். மனவெழுச்சியால் மருத்துவமனையில் சேர்ந்தோர், மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை 7 நாட்கள் அணிந்தபோது, வழக்கமான சிகிச்சையோடு விரைந்து தேறியதை 2016-இல் வெளியான நார்வே ஆய்வு பதிவு செய்துள்ளது. மறுபுறம், மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் செறிந்த ஒளிச் சிகிச்சை இருமுனைக் கோளாறு உடையோரிடம் எழுச்சியைத் தூண்டக்கூடும். எனவே மருத்துவரைக் கேளாமல் ஒளிப்பெட்டி வாங்குவதும், மருந்தை நிறுத்துவதும் தகா.

அனைவருக்கும் ஏற்ற வழி எளியது: காலையில் சிறிது நேரம் திறந்தவெளியில் நடப்போம், படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே விளக்குகளைத் தணித்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைப்போம். வீட்டில் ஒருவர் உறக்கம் குறைந்தும் களைப்பின்றி ஓயாது பேசினால், சேமிப்பை வரம்பின்றிச் செலவிட்டால், அதனைக் குணக்கேடு எனக் கடிந்துகொள்ளாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மைய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி, எந்நேரமும் அழைக்கலாம்.