ரசமலாய்க்கு என்ன விலை போடலாம்?

தீபாவளிக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போதே இன்ஸ்டகிராமில் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். ரசமலாய் கேக், குலாப் ஜாமூன் சீஸ்கேக், பாண்டான் வாசத்துடன் தேங்காய் பர்ஃபி. 'முன்பதிவுக்குச் செய்தி அனுப்பவும்' என்ற வரியும் கூடவே இருக்கும். அவற்றுள் சில, நம்மோடு படித்தவர்கள் வீவக வீட்டுச் சமையலறையில் செய்பவை.

நானும் ஒருமுறை முயன்றேன். ரசமலாய் வங்காளத்து இனிப்பு என்றாலும் எனக்கு அதுதான் உயிர். சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் ஒரு கிண்ணம் சாப்பிடாமல் வீடு திரும்பியதில்லை. வீட்டில் செய்து பழகி உறவினர்களுக்குக் கொடுத்தபோது, "இதை நீ விற்கலாமே" என்றார் சித்தி. உடனே நான்கு டப்பாக்களுக்கு ஆள் பிடித்தும் கொடுத்துவிட்டார். டப்பாவுக்கு மூன்று துண்டுகள், விலை 6 வெள்ளி. அந்த விலையை எப்படி முடிவு செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. கேட்பவர் முகம் சுளிக்காத ஒரு தொகையாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னீருக்கு ஒரு லிட்டர், சுண்டக் காய்ச்ச ஒரு லிட்டர் என்று பாலுக்கு ஏறக்குறைய 7 வெள்ளி. குங்குமப்பூ, ஏலக்காய், பிஸ்தா, சர்க்கரைக்கு 4 வெள்ளி. டப்பா, ஒட்டுத்தாளுக்கு 2 வெள்ளி. செலவு 13, வரவு 24, கையில் மிஞ்சியது 11 வெள்ளி. பாலைத் திரித்து, வடிகட்டி, பிசைந்து, வேகவைத்து முடிக்க மூன்று மணி நேரம். பாத்திரம் கழுவி, செய்திகளுக்குப் பதில் எழுதி, எம்ஆர்டி நிலையத்தில் காத்திருந்து கொடுத்துவர இன்னும் ஒன்றரை மணி நேரம். மணிக்கு இரண்டரை வெள்ளிகூடத் தேறவில்லை. வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் பகுதிநேர உள்ளூர் ஊழியர்களுக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் 2024 ஜூலையில் மணிக்கு 10.50 வெள்ளியாக உயர்ந்தது. காப்பிக் கடையில் வேலை பார்த்திருந்தால் நான்கு மடங்கு கிடைத்திருக்கும்!

"நிறையச் செய்தால் லாபம் வரும்" என்று பலரும் சொல்வார்கள். வீட்டு வணிகத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

பாண்டான் சிஃபோன் கேக்குக்குப் பெயர்போன 'பெங்காவான் சோலோ' கடையை அறியாதவர் இங்கு குறைவு. இந்தோனீசியாவில் பிறந்த திருமதி அனஸ்தாசியா லியூ, 1975ல் தமது மரின் பரேட் வீவக வீட்டில் கேக் செய்து நண்பர்களுக்கு விற்கத் தொடங்கினார். ருசி வாய்மொழியாகவே பரவியது. கடைகளும் பேரங்காடிகளும் வாங்க ஆரம்பித்தன. சில ஆண்டுகளில் அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் உணவு தயாரித்துக் கடைகளுக்கு விநியோகிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு அடுப்பை நிறுத்தினார் அவர். 1979ல் மரின் டெரசில் முதல் கடையைத் திறந்தார். 1983ல் ஆர்ச்சர்ட் சாலையின் சென்டர்பாயிண்டில் அடுத்த கடை வந்தது. இன்று 40க்கும் மேற்பட்ட கிளைகள். சாங்கி விமான நிலையத்தில் பச்சை கேக் பெட்டியோடு விமானம் ஏறுபவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் முதல் கேக்கிலிருந்து 40 கிளைகளுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கோ அந்த அதிகாரிகள் வந்த நாள்தான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், அவரைத் தடுத்த அந்த எல்லைக்கோடு இன்றும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது.

வீவக வீட்டிலும் தனியார் வீட்டிலும் சிறிய அளவில் உணவு செய்து விற்க இப்போது தனி அனுமதியோ உரிமமோ தேவையில்லை. ஆனால், சாப்பிடுபவருக்கு நேரடியாக மட்டுமே விற்கலாம். உணவகங்களுக்கும் கடைகளுக்கும் விநியோகிக்கக் கூடாது. விருந்துகளுக்கான கேட்டரிங் சேவை கூடாது. தற்காலிகச் சந்தைகளிலும் விற்க முடியாது. அதாவது, கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் ஒரு மேசை போட்டு வீட்டு ரசமலாயை அடுக்கலாம் என்ற கனவு (எனக்கும் இருந்தது) நடக்காது. அதற்கு உரிமம் பெற்ற சமையலறை வேண்டும். வீட்டில் வசிக்காத ஒருவரை உதவிக்கு வேலைக்கு எடுக்கக் கூடாது. தொழிற்சாலைகளில் பயன்படும் பெரிய சாதனங்கள் கூடாது. வாசலில் பெயர்ப்பலகை கூடாது. புகையும் வாசமும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது. ஈட்டும் வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் தெரிவிக்கவும் வேண்டும்.

ஆகவே, இரண்டு அடுப்பும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் தாங்கும் அளவுதான் நமது அளவு. அதைத் தாண்டி வளர நினைத்தால் திருமதி லியூவைப் போல வாடகை, உரிமம் என்று வேறு கணக்குக்கு மாறவேண்டும். வீட்டோடு இருக்கும்வரை, விலையைச் சரியாகப் போடுவதைவிட வேறு வழியில்லை.

நான் செய்த அடுத்த தவறு பணம் சார்ந்ததல்ல. முதல் நாள் டப்பாக்களை மேசைமீது அடுக்கிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பால் இனிப்புக்கு நம் ஊர் வெப்பம் எதிரி. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூடு ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, ஒப்படைக்கும்போது பனிக்கட்டிப் பையுடன் தரவேண்டும் என்பதை உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சியில்தான் கற்றேன். வீட்டு வணிகர்களுக்கு அது கட்டாயமில்லை. இருந்தாலும், ஒருவருக்கு வயிற்றைக் கெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட ஒரு நாள் வகுப்பில் உட்கார்வது எளிது.

இன்னொன்று, சைவம் சாப்பிடும் வாடிக்கையாளர்கள். சீஸ்கேக் கெட்டியாக இருக்கச் சேர்க்கும் ஜெலட்டின், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகர் போட்டாலும் கெட்டிப்படும், பதம் மட்டும் சற்று மாறும். எதைச் சேர்த்தோம் என்று ஒட்டுத்தாளில் எழுதிவிட்டால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

இப்போது இரண்டு வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமைதான் செய்கிறேன். பாலை இரட்டிப்பாக்கினால் நேரம் இரட்டிப்பாவதில்லை என்பதைக் கண்டுகொண்டேன். எட்டு டப்பாக்கள், ஆறு மணி நேரம், செலவு 26 வெள்ளி. டப்பா 10 வெள்ளி. மணிக்கு 9 வெள்ளி நிற்கிறது. காப்பிக் கடையை இன்னும் எட்டவில்லை. விலையைக் கேட்டதும் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். சித்தி, "சொந்தக்காரிக்கே 10 வெள்ளியா?" என்று முறைத்தார். முறைத்துவிட்டு இரண்டு டப்பாக்கள் எடுத்துக்கொண்டு, மறக்காமல் 20 வெள்ளியையும் அனுப்பினார்.