கோதுமை மா சேராத பிள்ளைக்கு இனிப்பு பிஸ்கட்: யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியும் நம் லயத்து அடுப்பும்

நம் தோட்டங்களில் காலையில் ரொட்டி, பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ரொட்டி, இரவிலும் பல வீடுகளில் ரொட்டிதான். பிள்ளை அழுதால் கடை பிஸ்கட். இவை எல்லாமே கோதுமை மாவில் ஆனவை. எப்போதிருந்து இப்படி என்று கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள், "கூப்பன் காலத்திலிருந்து" என்று. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தும் அது நம் அடுப்பை விட்டுப் போகவில்லை. 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு மா இன்னும் சுலபமாகக் கிடைத்தது.

கோதுமை மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் சில பேருக்கு, ஆயுள் முழுக்க, ஒரு சிட்டிகை கூட ஆகாது. அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் தாய் என்ன செய்வாள்? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கோதுமையில் குளூட்டன் என்ற ஒரு புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அந்த இழுவை அதனால் வருவதுதான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதம் உண்டு. சீலியாக் என்ற நோய் உள்ளவர்களின் உடம்பு இந்தப் புரதத்தை எதிரியாக நினைத்து, தன் சிறுகுடலின் உட்சுவரையே கெடுத்துக்கொள்கிறது. குடல் கெட்டால் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாது. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம், வயிறு உப்பல், கை கால் மெலிவு, நிறை ஏறாமை எல்லாம் வரும். பெரியவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை போட்டும் மாறாத இரத்தச்சோகை, வாய்ப்புண், எந்நேரமும் களைப்பு. வட இந்தியாவில் கோதுமை அதிகம் உண்ணும் பகுதிகளில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் ஆட்களிடையே குறைவு. குறைவு என்பதால்தான் இது சட்டென்று யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று உலகம் தெளிந்துகொண்ட கதை விசித்திரமானது. ஒல்லாந்து நாட்டில் ஹேக் நகரில் விலெம் டிக்கே என்ற சிறுவர் வைத்தியர் இருந்தார். அவருக்கு முன்பே கோதுமை மேல் ஒரு சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன்காரர்களின் முற்றுகையால் அந்த நாட்டில் பெரும் பஞ்சம். பாண் இல்லை, ஜனங்கள் பூச்செடிக் கிழங்கைக் கூட அவித்துத் தின்றார்கள். ஊரே மெலிந்த அந்த நேரத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. 1950இல் அவர் இதைத் தன் ஆராய்ச்சியாக எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் இதற்கு மருந்து மாத்திரை இல்லை. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விலக்குவதே வைத்தியம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கெல்லாம் சீலியாக் இல்லை. பூச்சி, கிருமி, சுத்தமில்லாத தண்ணீர், போதாத சாப்பாடு என்று நம்மிடையே வேறு காரணங்கள்தான் அதிகம். நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு டொக்டரிடம் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இரத்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியும். தேவைப்பட்டால் குடலில் சிறு துண்டு எடுத்தும் பார்ப்பார்கள். ஆகவே முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று, கோதுமை சாப்பிட்ட உடனே உடம்பு தடித்து, முகம் வீங்கி, மூச்சு வாங்கினால் அது வேறு நோய், ஒவ்வாமை. அதற்குக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. பிள்ளைக்கு நோய் இன்னதென்று தெரிய இரண்டு வருசம் ஆனதாம். அதுவரை நிறை அட்டையைப் பார்த்தவர்கள் எல்லோரும், "புள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறதில்லையா" என்று அவரைத்தான் ஏசியிருக்கிறார்கள். இப்போது சோறு, குரக்கன் என்று கொடுத்துப் பிள்ளை தேறி வருகிறான். ஆனால் பிள்ளை மடுவத்தில் நாலு மணிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பிஸ்கட் கொடுக்கும்போது இவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். "ஐயா, சோத்துக்கு வழி இருக்குங்க, பிஸ்கட்டுக்கு என்னங்க செய்யிறது?" என்று கேட்டார். நோய்க்காரப் பிள்ளைக்குப் பிஸ்கட் ஒரு கேடா என்று அங்கிருந்த ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றப் பிள்ளை கொடுத்த ஒரு துண்டை இவன் ஒளித்துத் தின்றுவிட்டால் குடல் திரும்பவும் கெடும். அவன் கையிலும் ஒரு பிஸ்கட் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

கொழும்புப் பெரிய கடைகளில் குளூட்டன் இல்லாத பிஸ்கட் வெளிநாட்டுப் பெட்டிகளில் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நமக்கு வழி வடக்கே இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனைதான் எல்லாம். பனங்கொட்டையைப் பாத்தி போட்டுப் புதைத்து, சில மாதம் கழித்துக் கிழங்கு கிண்டி எடுப்பார்கள். பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில்தான் பேர்பெற்ற ஒடியல் கூழ் காய்ச்சுகிறார்கள். பதநீரை அங்கே கருப்பநீர் என்பார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் பனங்கட்டி. பனையோலையில் பின்னிய சின்னக் குட்டானில் வரும். இவை எதிலும் கோதுமைப் புரதம் கிடையாது. 1990களில் யுத்தத்தாலும் பொருளாதாரத் தடையாலும் சீனி தட்டுப்பாடான காலத்தில், நாம் கிள்ளிய தேயிலையைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் அவர்கள் குடித்தார்கள். பனை அபிவிருத்திச் சபை என்று அரசாங்கச் சபையே 1978இலிருந்து இருக்கிறது. யாழ்தேவி 2014இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. நம்மவர்களில் பலருக்குக் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் சொந்தம் உண்டு. வருகிற போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் பனங்கட்டியும் புழுக்கொடியல் மாவும் வந்து சேரும்.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பலகாரம் என்றாலே கோதுமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பனங்காய்ப் பணியாரத்தில் பல வீடுகளில் கோதுமை மா சேர்ப்பார்கள். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் "அவித்த மா" என்கிறார்களே, அது அநேகமாக அவித்த கோதுமை மாதான். தட்டை வடையிலும் சேரும். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பிஸ்கட் சுட அங்கே பேக்கரியில் விறகுப் போறணை இருக்கும். போறணை, பாண், விசுக்கோத்து மூன்றும் போர்த்துக்கீசன் விட்டுப்போன சொற்கள். லயத்துக் காம்பராவில் போறணைக்கு எங்கே போவது? ஒரு பெரிய சட்டியும் மணலும் போதும்.

சாமான்கள் இவை. பச்சை அரிசி மா தேநீர்க் கோப்பையால் ஒன்றரை, வறுத்த பயத்தம் மா அரைக் கோப்பை, புழுக்கொடியல் மா கால் கோப்பை. அது கிடைக்காவிட்டால் குரக்கன் மா. பனங்கட்டி சுரண்டியது முக்கால் கோப்பை, மாஜரின் அல்லது நெய் 100 கிராம், முட்டை 1, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, சுக்குத்தூள், ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. ஒடியல் மாவை இதற்கு எடுக்க வேண்டாம். அது கசக்கும்; தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றிப் பிழிந்து, நன்றாக வேகவைத்துச் சமைக்க வேண்டிய மா அது.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, நிறம் மாறாமல் வறுத்துக்கொள்ளுங்கள். மா பட்டுப்போல் இருக்க வேண்டும். குருணை இருந்தால் பிஸ்கட் பல்லில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். கடையில் வாங்கும் குரக்கன் மாவில் கோதுமை கலந்திருக்கலாம், ஆகவே குரக்கனும் வீட்டில் திரித்ததே நல்லது.

பனங்கட்டியில் சில நேரம் தும்பும் மண்ணும் இருக்கும். மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, வடித்து, நன்றாக ஆறவிடுங்கள். சுடச்சுட ஊற்றினால் முட்டை வெந்துவிடும். மாஜரினைக் குழைத்து, முட்டை அடித்துச் சேர்த்து, பனங்கட்டிப் பாகையும் விட்டுக் கலக்குங்கள். மாக்கள், சோடா, சுக்கு, ஏலம், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாக அரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல் உருண்டை பிடிக்க வர வேண்டும். இளகினால் இன்னும் ஒரு பிடி அரிசி மா.

பிறகு அரை மணி நேரம் மூடி வையுங்கள். பருத்தித்துறைப் பக்கம் பலகாரம் சுடும் ஓர் அம்மா இதற்குக் காரணம் சொன்னார்: "தம்பி, அரிசி மாவுக்குக் கோதுமை மா மாதிரி இழுவை இல்லை. அது ஆறுதலாத்தான் ஈரத்தைக் குடிக்கும். அவசரப்பட்டியள் எண்டால் எல்லாம் உதிர்ந்து போகும்." சரியான பேச்சு. இழுவை செய்யும் வேலையை இங்கே முட்டையும் பயறும்தான் செய்கின்றன. முட்டை ஆகாத வீடுகளில் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் களி மாதிரிக் காய்ச்சி, ஆறவைத்து, அதில் மூன்று மேசைக்கரண்டி சேர்த்தால் பிடிக்கும்.

அடுப்பில் தடித்த பெரிய சட்டியை வைத்து, கழுவிக் காயவைத்த ஆற்று மணலை இரண்டு அங்குலம் போட்டு, மூடிச் சூடாக்குங்கள். கால் மணி நேரம் போதும். மணல்மேல் மூன்று சிறு கல், அதன்மேல் எண்ணெய் தடவிய தகரத் தட்டு. கால் அங்குலத் தடிப்பில், இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் வில்லை தட்டி அடுக்குங்கள். பெரிதாகத் தட்டினால் எடுக்கும்போது உடையும். தட்டு மூடியைப் போட்டு, மூடிக்கு மேலும் சிரட்டைத் தணல் பரப்புங்கள். கீழே நெருப்பு மெதுவாக இருக்கட்டும். 15 நிமிசத்தில் ஒரு தடவை பாருங்கள், 20க்குள் ஓரம் சிவக்கும். காஸ் அடுப்பானால் மேல் தணல் இல்லாமல் 25 நிமிசம் வரை ஆகும், மேற்பக்கம் அவ்வளவு சிவக்காது. தணல் உள்ள மூடியைத் தூக்கும்போது பிள்ளைகள் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

சட்டியிலிருந்து எடுத்த உடனே பிஸ்கட் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று திரும்ப வைத்துக் கருக்கிவிடாதீர்கள். தட்டிலேயே கால் மணி நேரம் ஆறினால் மொறுமொறுப்பு வந்துவிடும்.

நோயுள்ள பிள்ளைக்குச் செய்யும்போது சுத்தம் என்பதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. கோதுமை மா அரித்த அரிதட்டு, ரொட்டி தட்டிய பலகை, ரோல்ஸ் பொரித்த எண்ணெய் ஆகாது. முடிந்தால் அரிதட்டு ஒன்றைத் தனியாக வாங்கி, சிவப்பு நூல் கட்டி வையுங்கள். ரொட்டி சுடும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம், மா பறந்து விழும். பேக்கிங் பவுடர் சிலவற்றில் கோதுமை மாப்பொருள் சேர்ப்பதுண்டு, அதனால்தான் அப்பச்சோடா சொன்னேன். ரவை கோதுமைதான். நூடில்ஸ், சோயா சோஸ், கூட்டுப் பெருங்காயத் தூள், பார்லித் தண்ணீர், மோல்ட் சேர்ந்த பால்மா பானங்கள் எல்லாவற்றையும் சந்தேகத்துடன் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை மடுவத்து அக்காவிடமும் பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் விசயத்தைச் சொல்லி, பிள்ளையின் பிஸ்கட்டைப் பேர் எழுதிய டப்பாவில் கொடுத்து வையுங்கள். கோயில் திருவிழாவில் யாராவது அன்போடு கையில் திணித்துவிடுவார்கள். பாட்டிமாருக்கும் சொல்லித்தான் வைக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டி என்றால் பரவாயில்லை என்று கைநிறைய எடுக்கிறார்கள். அதுவும் இனிப்புத்தான், அளவோடு.

சுட்ட பிஸ்கட் நன்றாக ஆறிய பிறகே இறுக்கமான தகர டின்னில் போட வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் கெடாமல் இருக்கும் பண்டம் நம் மலையில் மிஸ்ட் இறங்கும் மாதங்களில் நாலு நாளில் நமுத்துப்போகும். ஆகவே ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் சுடுங்கள். நமுத்துவிட்டால், அதே மணல் சட்டியில் ஐந்து நிமிசம் காட்டி எடுத்தால் சரியாகிவிடும்.