வயிற்றில் கரையும் காகங்கள்: தொடக்கப் பள்ளிகளில் மரபுத்தொடர் கற்பிப்பதில் புனே எதிர்கொள்ளும் சவால்

புனே: கடும் பசியைக் குறிக்க மராத்தியில் 'போடாத் காவ்ளே ஓரட்ணே' என்பர். வயிற்றில் காகங்கள் கரைகின்றன என்பது அதன் நேர்ப்பொருள். அதே பசிக்கு இந்தி பேசுவோரின் வயிற்றில் எலிகள் ஓடுகின்றன. தமிழிலோ பசி வயிற்றைக் கிள்ளுகிறது. பல மொழி பேசும் வீடுகளின் குழந்தைகள் ஒரே வகுப்பறையில் அமரும் நகரம் புனே. வீட்டில் மராத்தி பேசாத குழந்தை, இத்தொடரைப் பாடநூலில் பிழையின்றி வாசித்துவிட்டு, அது பசியைப் பற்றியது என்பதை அறியாமலேயே அடுத்த வரிக்குச் சென்றுவிடக்கூடும்.

எழுத்துகளை ஒலிக்கத் தெரிவதற்கும் பொருளை உணர்வதற்கும் உள்ள இந்த இடைவெளி, தொடக்கக் கல்வியில் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டு வருகிறது. உவமை, உருவகம், மரபுத்தொடர், பழமொழி ஆகியவற்றில் அது மிகத் தெளிவாக வெளிப்படுகிறது.

கடந்த 2021 ஜூலை 5ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், 2026-27க்குள் மூன்றாம் வகுப்பை நிறைவு செய்யும் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும் என இலக்கு வகுத்துள்ளது. மூன்றாம் வகுப்பின் இறுதியில் நிமிடத்திற்குக் குறைந்தது 60 சொற்களை வாசிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஏறத்தாழ இதே நோக்கம் கொண்டது.

பிரதம் அமைப்பின் முன்முயற்சியில் நடைபெறும் 'அசர்' ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு பயிலும் குழந்தைகளில் 23.4 சதவீதத்தினரே இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்கக்கூடியவர்கள். 2022இல் இது 16.3 சதவீதமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பில் 44.8 சதவீதத்தினர் அதே பகுதியை வாசித்தனர். இவை ஊரக இந்தியா முழுமைக்குமான கணக்குகள். புனே மாநகரத்திற்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மேலும், இச்சோதனையின் அடிப்படைப் பகுதி குழந்தை உரக்க வாசிப்பதையே அளக்கிறது. காகங்கள் கரையும் மராத்தித் தொடர் மூன்றே சொற்கள் கொண்டது. நிமிடக் கணக்கில் அது மூன்று சொற்களாகத்தான் எண்ணப்படும்.

எதில் ஒப்புமை?

உவமை, உருவகம் ஆகியவற்றின் இலக்கணப் பெயர்கள் பொதுவாக மேல் வகுப்புகளில்தான் அறிமுகமாகின்றன. ஆனால், அவற்றைப் பயன்படுத்தும் பேச்சு குழந்தைகளிடம் பள்ளிக்கு வரும் முன்பே இருக்கிறது. தோசையைக் கடித்து நிலா என்று காட்டும் குழந்தைக்கு உவமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தப் பண்பில் ஒப்புமை என்று சொல்லப் பழக்கினால் போதும்.

இதற்குத் தொல்காப்பியம் ஒரு நல்ல வழியைத் தருகிறது. உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என அந்நூலின் உவமையியல் நான்காக வகுக்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்பதில் ஒப்புமை செயலில் உள்ளது. மழைபோல் வாரி வழங்கினான் என்பதில் விளையும் பயனிலும், நிலாப் போன்ற தோசை என்பதில் வடிவிலும், பவளம்போல் சிவந்த வாய் என்பதில் நிறத்திலும் உள்ளது. 'அவன் சிங்கம் போன்றவன்' என்றதும் 'அப்படியானால் வால் உண்டா?' என்று கேட்கும் குழந்தை தவறு செய்யவில்லை. எந்தப் பண்பை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்றே அது கேட்கிறது. மராத்தி அணியிலக்கணத்திலும் 'சாதாரண தர்மம்' எனப்படும் பொதுப்பண்பு உவமையின் நான்கு உறுப்புகளில் ஒன்று. பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பதைக் காட்டிலும் இந்த ஒரு கேள்வி பயன் மிக்கது.

மரபுத்தொடரின் நிலை வேறு. அதன் சொற்களைத் தனித்தனியே அறிந்தாலும் முழுப்பொருள் கிட்டாது. இத்தாலிய உளவியலாளர்கள் கிறிஸ்தினா கச்சாரி, மரியா கியாரா லெவொராத்தோ ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், போதிய சூழல் கொண்ட கதைக்குள் வரும்போது ஏழு வயதுக் குழந்தைகளாலும் மரபுத்தொடரின் பொருளை ஊகிக்க முடிகிறது எனக் கண்டறிந்தனர். தனித்தொடராகக் கொடுத்து 'பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்க' என்று கேட்கும் பயிற்சி, குழந்தைக்கு மிகவும் தேவையான சூழலை முதலிலேயே நீக்கிவிடுகிறது.

வீட்டுமொழி என்னும் துணை

கட்கி, கண்டோன்மென்ட் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது தமிழ். ஆட வரவில்லை, முற்றம் கோணல் என்பது மராத்தி. வியப்பு மேலிட்டால் தமிழர் மூக்கின்மேல் விரல் வைப்பர். மராத்தியர் வாயில் விரல் வைப்பர். 'உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?' என்று ஆசிரியர் கேட்டால், பின்வரிசையில் அமைதியாக இருக்கும் குழந்தையும் பேசத் தொடங்கும்.

இடம்பெயரும் கட்டுமானத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பும் எளிதில் கிட்டுவதில்லை. ஒரு கட்டடம் முடிந்ததும் குடும்பம் அடுத்த இடத்திற்குச் சென்றுவிடுகிறது. 1988இல் மும்பையில் தொடங்கப்பட்டு, 1993 முதல் புனேயிலும் இயங்கும் டோர் ஸ்டெப் ஸ்கூல் அமைப்பு, பேருந்தையே வகுப்பறையாக மாற்றி இத்தகைய குழந்தைகளைத் தேடிச் செல்கிறது.

முதல் ஐந்து வகுப்புகளில் இந்தியை மூன்றாவது மொழியாக்கும் மகாராஷ்டிர அரசின் ஆணை 2025 ஏப்ரல் 16இல் வெளியானது. கடும் எதிர்ப்பை அடுத்து ஜூன் 29இல் அது திரும்பப் பெறப்பட்டது. எந்த மொழி என்ற அந்த விவாதத்தில், ஏற்கெனவே உள்ள மொழியைக் குழந்தைகள் எந்த ஆழத்தில் கற்கிறார்கள் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

வெற்றுப் பக்கங்கள்

எழுதுவதைப் பொறுத்தவரை புனேவுக்குத் தனி வரலாறு உண்டு. ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே தம்பதியர் 1848இல் இந்நகரின் பிடே வாடாவில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினர். அவர்களிடம் பயின்ற 14 வயது முக்தா சால்வே, மாங், மகார் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளியானது. தலித் பெண் ஒருவரின் தொடக்ககால எழுத்துகளில் ஒன்றாக அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

மாநிலத்தின் பாடநூல்களை 1967 முதல் தயாரித்துவரும் 'பாலபாரதி' நிறுவனமும் புனேயில்தான் உள்ளது. குழந்தைகள் தாமே குறிப்பெழுத ஏதுவாக, 2023-24 கல்வியாண்டில் அதன் பாடநூல்களுக்குள் வெற்றுப் பக்கங்கள் சேர்க்கப்பட்டன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை எனக் கருதிய மாநில அரசு, 2025ஆம் ஆண்டு அப்பக்கங்களை நீக்க முடிவு செய்தது. குறிப்புகளைக் குழந்தைகள் இனி பழையபடி தனி ஏடுகளில்தான் எழுத வேண்டியிருக்கும்.